இரண்டு அங்குலம்

வண்டிக்குப் பேர் ரொட்டி.
ரஷ்யர்கள் வைத்தது, பார்த்தாலே தெரியும்:
நாலு சக்கரத்தின் மேல் வெட்டாத ஒரு முழு ரொட்டி.
சாம்பல் நிறம். பதினெட்டு வயது.
உள்ளே தடுப்பூசிப் பெட்டி, கயிறு, நாய்,
எத்தனை கழுவினாலும் போகாத ஆட்டு வாசம்.

போன ஜூனில் ஆற்றின் நடுவே
ஒரு கல் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
வயிறு என்றால், பின் அச்சின் நடுவில்
பூசணிக்காய் போலத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி.
மூன்று மணி நேரம் இடுப்பளவுப் பனிநீரில் நான்.
மேலே புல்வெளியில் நானூறு ஆடுகள்.
பெட்டிக்குள் உருகிக்கொண்டிருந்தது ஐஸ்.

அதனால் கெங்கேஷிடம் போனேன்.
நாரினில் வேறு மெக்கானிக்கே இல்லையா என்றாள் தங்கை.
இருக்கிறார்கள், ஆறு பேர்.
ஸ்பிரிங் பட்டையைத் தட்டி
ஒலியிலேயே விரிசலைக் கண்டுபிடிப்பவன்
என் முன்னாள் கணவன் ஒருவன்தான்.

"நாலு அங்குலம் தூக்கு" என்றேன்.
அவன் மண்ணில் குந்தி, குச்சியால் வண்டியை வரைந்தான்.
"அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை கொடுத்தால்
உடம்பு உயரும், நீ உயர்வாய்.
அந்தப் பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருக்கும்.
அதைத் தூக்க டயரால்தான் ஆகும்.
இருபத்தொன்பதைக் கழற்றி முப்பத்துமூன்று மாட்டினால்
கூடுவது நாலு.
கல்லுக்கு மேலே உனக்குக் கிடைப்பது இரண்டு.
மற்ற இரண்டும் மேலே ஏறிச் சக்கரக் குழியில் இடிக்கும்.
அதற்கு இடம் விடத்தான் கட்டை."

இரண்டு அங்குலம்.
என் கட்டைவிரல் கூட அதைவிட நீளம்.
விலை: மூன்று மாதச் சம்பளம், ஒரு கிடேரி.

ஐந்து நாள் அவன் கொட்டகையில்.
குழியின் விளிம்பைப் பொறி பறக்க அறுத்தான்.
பிரேக் குழாயை நீளமாக்கினான்.
நான் டார்ச் பிடித்தேன்.
"பதினேழு" என்பான், பதினேழாம் ஸ்பானரைக் கொடுப்பேன்.
"பத்தொன்பது."
"இருபத்திரண்டு."
ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிக்கொண்டதில்லை.

ஐந்தாம் நாள் மாலை சாவியைத் திருப்பினேன்.
வண்டி ஓரடி நகர்ந்து
கூரையால் நிலைவிட்டத்தை முட்டி நின்றது.
மூன்று விரல் அதிகம்.

எல்லாவற்றையும் அளந்தவன் வாசலை அளக்கவில்லை.
இறங்கி வந்து விட்டத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
விட்டத்தை மறுபடி பார்த்தான்.
நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
சிரிப்பு வெளியே வராமலிருக்க.
கடைசியில் அவன்தான் முதலில் சிரித்தான்.

புது டயர் நாலிலும் காற்றை இறக்கினோம்.
உஸ்ஸென்று நாலு மூலையிலும் நாலு பாம்பு.
அப்படியும் ஒரு விரல் மிச்சம்.
பக்கத்து வீட்டு நுர்சுலூவையும் அவள் தம்பிமாரையும்
இரண்டு மூட்டை உருளைக்கிழங்கையும் பின்னால் ஏற்றினோம்.
ரொட்டி முனகிக்கொண்டு, குனிந்து,
தொளதொளத்த ரப்பரில் வாசலைத் தாண்டியது.
இதே வாசலை ஒருமுறை
காற்று இறக்காமலே தாண்டிப் போனவள் நான்.
விட்டத்தில் பழைய கீறலும் இருக்கிறது,
அது அலமாரி இடித்தது.

இப்போது ஸ்டியரிங் கனம். பெட்ரோல் அதிகம்.
கணவாய்க் காற்றில் வண்டி குடித்தவன் மாதிரி ஆடுகிறது.
நாய் போய்நோக்கால் தாவி ஏற முடியவில்லை,
கதவடியில் நின்று குரைத்துக் கூலி கேட்பதுபோல் பார்க்கிறது,
தூக்கி வைக்க வேண்டும், முப்பத்தெட்டு கிலோ.

ஜூலையில் அதே ஆறு.
கல் அங்கேதான் இருந்தது.
மேலே போனேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்காததைக் கேட்கத்தான்
அத்தனை பணம்.

பெரிய சக்கரம் குறைவாய்ச் சுற்றும், மீட்டர் அதைத்தான் நம்பும்.
எண்பதில் போனால் எழுபது என்கிறது.
அவன் பட்டறையிலிருந்து புல்வெளிக்கு
அறுபத்திரண்டாக இருந்த தூரம்
இப்போது ஐம்பத்தைந்து.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும்
போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், கொண்டு வா என்றான்.
எந்தக் கணக்கில் ஐந்நூறு என்று
நான் இன்னும் கேட்கவில்லை.